புதுப்பிப்பு: தோல் உரிக்க முடியாம செத்துக்கிட்டிருந்த செர்ரி இறால் (தொட்டியில வளக்குற குட்டி சிவப்பு இறால்), இப்ப சரியாயிடுச்சு

மலேசியா சுங்கை சிப்புட்லேர்ந்து கேட்டிருந்தேன்ல, செடி வச்ச தொட்டியில இறாலுக்கு கழுத்துகிட்ட வெள்ளை வளையம் விழுந்து சாவுதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஜிஎச் (தண்ணியில கால்சியம், மக்னீசியம் எவ்ளோ இருக்குன்னு காட்டுற கடினத்தன்மை அளவு) பாருங்கன்னு சொன்ன அண்ணன் சொன்னதுதான் கரெக்ட், எங்க வீட்டு பைப் தண்ணிய டெஸ்ட் பண்ணா 2 தான் காட்டுச்சு, இதுங்களுக்கு 6லேர்ந்து 8 வேணும். தண்ணி மாத்துறப்ப இறாலுக்கு விக்கிற மினரல் உப்ப பக்கெட்லயே கலந்து கொஞ்சங்கொஞ்சமா ஊத்துனேன், ஒரேடியா ஏத்துனா அதுவே கொன்னுடும். சாவு நின்னுடுச்சு. காஞ்ச கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையும் போட்டேன், நல்லா மேயுதுங்க, ஆனா காப்பாத்துனது அது இல்ல லா. எதிர்பாக்காதது என்னன்னா, அரிச்சுப்போன நத்தை ஓடும் இப்ப புதுசா வளர்ற ஓரத்துல கெட்டியா வருது. கொசுவுக்கு புகை அடிக்க வந்தா மட்டும் ஏர் பம்ப் ஆஃப் பண்ணி தொட்டிய மூடிடுங்க, அந்த மருந்து இறாலுக்கு விஷம்.