ஏரிப் பக்கம் கட்டடம், அடித்த மண் கரைந்து ஓடுகிறது: ஐப்பசிக்குள் என்ன செய்யலாம்?

முத்துப்பேட்டை ரோடு:
வணக்கம். உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயத்துக்குக் கொஞ்ச தூரத்தில் 40 சென்ட்டில் கல்யாண மண்டபம் கட்டுகிறோம். பள்ளமான இடம், அதனால் மூன்றடி மண் அடித்து உயர்த்தியாயிற்று. போன வாரம் ஒரே இரவு மழைதான். காலையில் போய்ப் பார்த்தால் மண் அறுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வயல் சம்பா நாற்றங்காலில் படிந்திருக்கிறது, நாற்றின் குருத்து வரைக்கும் சேறு. மீதி சரணாலய ஏரிக்குப் போகிற வாய்க்காலில் இறங்கிவிட்டது. வயல்காரர் எனக்குப் பெரியப்பா முறை. ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. சுற்றிப் பச்சை வலை கட்டினால் போதும் என்கிறார் காண்ட்ராக்டர். போதுமா? உறிஞ்சுகுழி போடலாமா?

திருவாரூர் சிவில்:
போதாது சார். வலை மணலைக் கொஞ்சம் பிடிக்கும், களி அதில் நிற்கவே நிற்காது. அந்தக் கலங்கல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும், மறுநாள் காலையிலும் மேல் தண்ணீர் டீ நிறத்தில்தான் இருக்கும். அதனால் ஓடிய மண்ணைப் பிடிப்பதைவிட ஓடாமல் வைப்பதுதான் வேலை. இப்போது குறுவை அறுப்பு, வைக்கோல் கட்டு கிடைக்கும். வேலை நடக்காத இடம் முழுக்கப் பிரித்துப் பரப்பி, மேலே பழைய மீன் வலையை இழுத்துக் கட்டுங்கள், காற்றுக்குப் பறக்காது. சரிவில் தென்னை மட்டை.

உறிஞ்சுகுழி உங்கள் மண்ணுக்கு ஒத்துவராது. களி தண்ணீரைக் குடிக்காது, கார்த்திகையில் நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். 10 செ.மீ. மழை பெய்தால் 40 சென்ட்டில் மட்டும் விழுவது சுமார் 1,60,000 லிட்டர், 5,000 லிட்டர் டேங்கர் என்றால் 32 நடை. அத்தனையையும் தேக்க முடியாது, வேகத்தைத்தான் குறைக்க முடியும். தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை வெட்டி, தண்ணீர் வெளியேறும் வாயில் மடைக்குப் போடுவது போலப் பலகை போடுங்கள். மழை விட்டதும் மேல் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் தெளிந்த தண்ணீர் மட்டும் போகும், சேறு குட்டையிலேயே தங்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வாரிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழையில் அதுவும் சேர்ந்து ஓடும்.

கடைமடை:
தம்பி, மண் ஓடியது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ மேடாக்கிய பள்ளத்தில் முன்னே யார் வயல் தண்ணீர் வடிந்தது? அதைப் பார்த்தாயா? எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தை எடுத்துப் பார், சில இடத்தில் வாய்க்கால் புறம்போக்கு கோடு இருக்கும், நேரில் தூர்ந்து போய் வரப்பு மாதிரி தெரியும். கோடு இல்லாவிட்டாலும் தண்ணீருக்குப் பழைய வழி தெரியும், நீ மறித்தால் பெரியப்பா வயலில்தான் நிற்கும். நட்ட பயிர் பத்து நாள் முழுகினால் அழுகிவிடும். வயல் ஓரமாகப் பத்தடி அகலத்துக்கு அடித்த மண்ணை எடுத்துவிட்டுப் பழைய மட்டத்திலேயே விடு. கோரையும் அருகும் தானாக வரும், வெட்டிவேர் இரண்டு வரிசை நட்டுக்கொள். அப்புறம், நாற்று போனதற்கு விதை நெல்லோடு போய் நில்.

கோரையாறு:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. எங்கள் வேலையில் கலவை மிஷின் கழுவிய தண்ணீரை ஆட்கள் வாய்க்காலில் விட்டுவிட்டார்கள். சிமெண்ட் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கடும் காரம், சாயங்காலம் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. தனியாகக் குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து அதில் மட்டும் கழுவச் சொல்லுங்கள். 2022ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில், சேர்ந்த ஏரி அது, நத்தை குத்தி நாரை இரை தேடுவது இந்த வயலிலும் வாய்க்காலிலும்தான்.

முத்துப்பேட்டை ரோடு:
எல்லாருக்கும் நன்றி. பாட்டிலில் பிடித்து வைத்தேன், சொன்னபடியே இன்னும் கலங்கல்தான். வைக்கோலுக்குச் சொல்லிவிட்டேன். பத்தடி விட்டால் வண்டி நிறுத்துகிற இடம் ஒரு வரிசை குறையும், குறையட்டும். நாளைக் காலை விதை நெல்லோடு பெரியப்பா வீட்டுக்குப் போகிறேன், பழைய வடிகால் எங்கே போனது என்று அவரையே கேட்டுக்கொள்கிறேன்.