எக்ஸ்போசர்: ‘வெளிப்பாடு’ வேண்டாம், ‘வேலிப்பொட்டு’ எனலாம்

மதிப்புக்குரிய கலைச்சொல் நண்பர்களுக்கு,

வீட்டிலிருந்து அலுவலக வேலை செய்வோருக்கென நாம் தொகுத்துவரும் இணையப் பாதுகாப்புச் சொற்பட்டியலில், ‘எக்ஸ்போசர்’ (exposure) என்பதற்கு ‘வெளிப்பாடு’ என்று இடப்பட்டிருப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கவிதைக்கும் நடிப்புக்கும் நாளும் ஆண்டுவரும் சொல்லை இங்கே வைத்தால், ‘உங்கள் ரவுட்டரில் வெளிப்பாடு உள்ளது’ என்று வாசிப்பவர் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளக்கூடும்.

1999 முதல் மைற்றர் நிறுவனம் பேணிவரும் சீ.வீ.ஈ. (CVE, Common Vulnerabilities and Exposures) என்னும் பாதுகாப்புக் குறைபாட்டுப் பட்டியலின் பெயரிலேயே வல்னரபிலிற்றி, எக்ஸ்போசர் என்னும் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. நம் பட்டியலில் முன்னது மென்பொருளை ஆக்கியவர் விட்ட பிழையைக் குறிக்கிறது. அதற்குப் ‘பாதிப்புறுநிலை’ இருக்கட்டும். பின்னதோ, மென்பொருள் பிழையின்றி இயங்கினாலும், உள்ளே இருக்கவேண்டியது வெளியிலிருந்து எட்டக்கூடியதாய்க் கிடக்கும் நிலை.

இலங்கையில் 2020 மார்ச் ஊரடங்கிலும் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் அலுவலகம் வீட்டு மேசைக்கு வந்தபோது, நான் என் வீட்டில் கண்டது இந்த இரண்டாவது வகையையே. கனடாவிலுள்ள அண்ணா எங்கள் முற்றத்தைப் பார்க்க விரும்பினார் என்பதற்காக, கமரா பூட்ட வந்த தம்பி ரவுட்டரில் ஒரு துறையை (port, இணையத் தரவு வந்துபோகும் வாசல்) திறந்துவிட்டு, தொழிற்சாலையிலேயே இடப்பட்டு வந்த கடவுச்சொல்லை மாற்றாமலே போய்விட்டார். அதே ரவுட்டரில்தான் என் அலுவலக மடிக்கணினியும் இணைந்திருந்தது. 2016இல் மிராய் என்னும் தீநிரல் கமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் கைப்பற்றியதும் இத்தகைய கவனக்குறைவால்தான். நுட்பமான பிழை எதையும் அது தேடவில்லை, 60க்கு மேற்பட்ட தொழிற்சாலைப் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது, அவ்வளவே.

இதைச் சொல்ல யாழ்ப்பாணத்தில் முன்பே ஒரு சொல் உண்டு: பொட்டு. கதியால் நட்டுக் கிடுகால் அடைத்த வேலியில், பக்கத்து வளவுக்குப் போய்வர வீட்டுக்காரரே விட்டுவைக்கும் சிறுவழி அது. படலையைக் கவனமாகப் பூட்டிவிட்டுப் படுக்கப் போகிறவர் பொட்டை நினைப்பதில்லை. மாமி வந்துபோக விட்ட பொட்டுக்குள்ளால் கட்டாக்காலி ஆடும் வரும், கள்ளனும் வருவான். ‘ஓட்டை’ என்றால் பழுது என்றாகிவிடும்; ‘பின்கதவு’ வேறொரு கருத்துக்கு (backdoor, இரகசிய நுழைவழி) ஏற்கெனவே கொடுபட்டுவிட்டது; ‘திறப்பு’ எங்கள் ஊரில் சாவி. வசதிக்காக நாமே விட்டு, நாமே மறந்தது என்னும் நுணுக்கம் பொட்டில்தான் இருக்கிறது.

நெற்றிப் பொட்டோடு மயங்கும் என்று கோவை நண்பர் எழுப்பிய தடை நியாயமானது. ஆகவே தலைச்சொல் ‘வேலிப்பொட்டு’ என்றிருக்கட்டும், கூட்டுச்சொற்களில் மட்டும் ‘பொட்டு’ தனித்து வரலாம். திறந்த துறையால் வருவது துறைப்பொட்டு, மாற்றாத கடவுச்சொல்லால் வருவது கடவுப்பொட்டு, சீர்செய்வது பொட்டடைத்தல். வேலிகள் போய் மதில்கள் எழுந்துவிட்டதால் இளையோருக்குச் சொல் விளங்காது என்ற கொழும்பு நண்பரின் கவலை எனக்குப் பெரிதாகப் படவில்லை. வலை பின்னத் தெரியாதவர்களும் வலைத்தளம் என்றுதானே சொல்கிறோம்?

ஆனால் ஓரிடத்தில் என் சொல் இடறுகிறது. யூபீஎன்பீ (UPnP, கருவிகள் தாமே துறை திறக்கச் சொல்ல இடந்தரும் வசதி) இயங்கும் ரவுட்டரில், கமராவோ விளையாட்டுப் பெட்டியோ கேட்ட மாத்திரத்தில், வீட்டுக்காரருக்குத் தெரியாமலே துறை திறந்துவிடும். அங்கே பொட்டை விட்டவர் யார்? ‘தன்பொட்டு’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். காதுக்கு அது நன்றாக இல்லை. வேறு சொல் தோன்றுகிறவர்கள் எழுதியுதவ வேண்டும். சொல் அமையும் வரை அந்த வரியை வெறுமையாக விடுவதிலும் எனக்கு மறுப்பில்லை.