சந்தையில நிக்கேன், வெடக்கோழி எடுக்கலாமா?

செவ்வாய்க்கிழமை

முருகேசன், காலை 6:41
அத்தை, மேலப்பாளையம் சந்தைக்கு வந்திருக்கேன். ஆறு வெடக்கோழி, இன்னும் முட்டை போடாத இளம் பொட்ட, எடுக்கணும். மூணு மாசம்னு சொல்லுதாரு. படம் போட்டிருக்கேன், பாருங்க.

வேலம்மாள் அத்தை, 6:44
படத்த வச்சுச் சொல்ல முடியாது ஐயா. கையில தூக்கிப் பாரு. நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்துனா வேண்டாம். மூக்குல சளி, வாயத் தொறந்து மூச்சு, பின்பக்கம் எச்சம் அப்புன முடி, எது இருந்தாலும் கீழ விட்டுரு. வாலுக்கு முன்னால இடுப்பு இறகப் பாரு. நுனி உருண்டையா இருந்தா பொட்ட. நீண்டு ஊசியா மினுங்குனா சேவல்.

முருகேசன், 6:52
ஒண்ணு மட்டும் கொண்டை செவசெவன்னு இருக்கு. முட்டை போடப் போவுதுன்னு விலை கூடச் சொல்லுதாரு.

வேலம்மாள் அத்தை, 6:55
எச்சத்துவாரத்துக்குக் கீழ ரெண்டு பக்கமும் எலும்பு முனை தட்டும். நடுவுல ரெண்டு விரல் போனா முட்டை இடுது, இல்ல இடப்போவுது. ஒரு விரலே நுழையலன்னா இன்னும் நாளாவும். கால் செதிலையும் தடவிப் பாரு. வழுவழுன்னு ஒட்டிக் கெடந்தா இளசு, சொரசொரன்னு தூக்கி நின்னா வயசானது.

சண்முகம் அண்ணாச்சி, 7:03
ஏல முருகேசா, சந்தையில எடுக்கதுல எனக்குச் சம்மதமே இல்ல. பல ஊர்க் கோழி ஒரே கூடையில கெடக்கு. வெள்ளக்கழிச்சல் ஒட்டியிருந்தா அஞ்சாறு நாள் கழிச்சுதான் தெரியும். அதுக்குள்ள வீட்டுக் கோழியையும் சேத்துக் கொண்டு போயிரும். ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில விசாரி. இல்லன்னா தடுப்பூசி தேதி எழுதித் தாற பண்ணையாப் பாரு.

பேச்சி மதினி, 7:10
ஒரு நாள் குஞ்சு மலிவுல்லா அண்ணாச்சி?

சண்முகம் அண்ணாச்சி, 7:12
சேவல் பொட்ட பிரிக்காத குஞ்சுன்னா பாதி சேவலா நிக்கும். பல்பு சூடும் வேணும். ஆறு கோழிக்கு அந்தப் பாடு எதுக்கு?

முருகேசன், 7:15
சரி, வெறுங்கையோட வாரேன்.

சனிக்கிழமை

முருகேசன், மாலை 4:20
பண்ணையில ஆறு கிராமப்பிரியா ரக வெடை எடுத்தாச்சு, 12 வாரம். தடுப்பூசி எல்லாம் போட்டாச்சாம்: 7-ஆம் நாள் வெள்ளக்கழிச்சலுக்கு லசோட்டா, 14-ல கம்போரோ நோய்க்கு, 28-ல திரும்ப லசோட்டா, 56-ல வெள்ளக்கழிச்சலுக்கே ஆர்.டூ.பி. ஊசி. தேதியோட எழுதித் தந்துட்டாங்க. வார வழியில லேயர் தீவனம், முட்டைக் கோழிக்கு உள்ளது, ஒரு மூட்டை வாங்கிட்டேன்.

வேலம்மாள் அத்தை, 4:23
அதப் பிரிக்காத, மாத்திட்டு வா. லேயர்ல சுண்ணாம்புச் சத்து நூத்துக்கு மூணரை பங்கு. வளருற வெடைக்கு ஒண்ணே போதும். மிச்சத்தக் கழிக்க முடியாம சிறுநீரகம் கெட்டுப்போவும். வெளிய ஒண்ணும் தெரியாது, முட்டை இடுற நேரத்துல பொசுக்குன்னு செத்து விழும். வளருற கோழிக்குன்னு உள்ள குரோயர் தீவனம் எடு. இப்ப ஒரு கோழிக்கு நாளைக்கு 60 கிராம். முதல் முட்டையப் பாத்ததும் ஒரு வாரமாக் கலந்து கலந்து லேயருக்கு மாத்து. நல்லா முட்டை இடும்போது 110 கிராம் தின்னும். அப்ப கிளிஞ்சலையும் நொறுக்கித் தனிக் கிண்ணத்துல வை. வெறும் குருணையும் கம்பும் போட்டா புரதம் பத்தாம முட்டை தள்ளிப்போவும்.

சண்முகம் அண்ணாச்சி, 4:31
பழைய கோழிகூட 21 நாள் சேக்காத. ஊசி போட்ட கோழின்னாலும் வேண்டாம். தீவனம் பழசுக்கு முதல்ல, புதுசுக்குப் பொறவு. ஒரே செருப்போட ரெண்டு இடமும் போவாத.
கூடு உள்ள நாலடிக்கு மூணடி. ராத்திரி கோழி ஏறி உக்காருத குறுக்குக் கட்டை நாலடி நீளம், ஒரு கோழிக்கு எட்டு இஞ்ச். ஓரத்த இழைச்சு மழுக்கிரு, இல்லன்னா கால் அடியில புண்ணு வந்துரும். முட்டைப் பெட்டி ரெண்டு, கட்டையவிடத் தாழ்வா. உயரமா வச்சா ராத்திரி பெட்டியிலேயே ஏறிப் படுத்து எச்சமாக்கும். சாதா கோழிவலைய நாய் கடிச்சுப் பிய்க்கும், அரை இஞ்ச் கண்ணு உள்ள வெல்டு மெஷ், பத்தவச்ச கெட்டிக் கம்பிவலை, அடி. கீரி தோண்டும், அதனால ஒரு அடி மண்ணுக்குள்ள எறக்கணும்.

பேச்சி மதினி, 4:40
தரைக்கு எங்க வீட்டுல உமி ஒரு சாக்கு கெடக்கு, எடுத்துக்கோ முருகேசா. மழைக்கு முன்னால கட்டி வச்சது.

வேலம்மாள் அத்தை, 4:42
முதல்ல ஒரு கை அள்ளிப் பிசஞ்சு பாரு பேச்சி. உதிர்ந்தா சரி. கட்டிபிடிச்சா ஈரம், ரத்தக்கழிச்சல் அதுலதான் கெளம்பும். பூசண வாடை அடிச்சா கூட்டுப் பக்கமே கொண்டு போவாத, கோழிக்கு நெஞ்சுல பூசணம் பிடிச்சு மூச்சு முட்டும்.

பேச்சி மதினி, 4:51
பாத்துட்டேன் அத்தை. மேல உதிருது, அடியில கட்டியா இருக்கு, வாடையும் வருது.

வேலம்மாள் அத்தை, 4:52
அப்ப மொத்தச் சாக்கும் வேண்டாம். குப்பைக் குழியில போட்டுரு.

முருகேசன், 4:55
நான் ரைஸ்மில்லுல புது உமி ரெண்டு சாக்கு எடுத்துக்கிடுதேன். தீவனத்தையும் மாத்திட்டு வாரேன்.