கால்சியம் ஸ்கோர் 0: இன்னும் சி.டி. ஆஞ்சியோ தேவையா?

ஜெயநகர் மகள்:
அப்பாவுக்கு 56 வயது, சர்க்கரை உண்டு. மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது. இதயக் குழாயில் படிந்த கால்சியத்தை அளக்கும் கால்சியம் ஸ்கோர் 0, ட்ரெட்மில் சோதனையும் நார்மல். ஆனாலும் டாக்டர் சி.டி. ஆஞ்சியோ (கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி இதயக் குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேன்) எழுதியிருக்கிறார். வெடிக்கக்கூடிய பிளேக் (குழாய்ச்சுவரில் சேரும் படிவு) இருந்தால் அதில் தெரியுமா?

சி.டி. டெக்னாலஜிஸ்ட், சிவாஜிநகர்:
எடுத்துவிடுங்கள் அம்மா. கால்சியம் ஸ்கோர், சி.டி.யில் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் 130-உம் அதற்கு மேலும் உள்ளதை மட்டுமே எண்ணும். கொழுப்புப் படிவு அதற்கு மிகக் கீழே, கணக்கிலேயே வராது. ட்ரெட்மில் பெரும்பாலும் நல்ல அடைப்பு இருந்தால்தான் காட்டும். மென்மையான பிளேக்கோ முதலில் குழாயை வெளிப்பக்கம் உப்ப வைக்கும், உள்வழி சுருங்காது.

படம் கெடுவது பெரும்பாலும் இதயத் துடிப்பால்தான். நிமிடத்துக்கு 60 பக்கம் வர வேண்டும்; 80-இல் ஓடினால் வலது தமனி இரட்டையாகத் தெரியும். முந்தைய நாள் இரவிலிருந்தே ஃபில்டர் காபி வேண்டாம். துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால் தருவார்கள், ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லுங்கள். நாக்குக்கடியில் நைட்ரோகிளிசரின் வைப்பார்கள்; சில்டெனாஃபில், டடாலாஃபில் வகை மாத்திரை எடுப்பவர் மறைக்கவே கூடாது, பிரஷர் அபாயமாக இறங்கிவிடும். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும், சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

ரேடியாலஜி மாணவர்:
ரிப்போர்ட்டில் அடைப்புச் சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள். 30 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்குக் குறைவான கரும்பகுதி, குழாய் 1.1 மடங்கு உப்பியிருப்பது, 3 மி.மீ.க்குள் அடங்கும் கால்சியப் புள்ளி, கரு மையத்தைச் சுற்றிச் சற்றே வெளுத்த வளையம்: இதில் இரண்டு இருந்தாலே ஆபத்தான பிளேக் என்று குறிப்பார்கள், அடைப்பு 40 சதவீதமே ஆனாலும்.

கேத் லேப் (குழாய்க்குள் கதீட்டர் விட்டு ஆஞ்சியோகிராம் செய்யும் பிரிவு), கோரமங்களா:
ஒன்றைச் சேர்க்கிறேன். வெடிப்பது கொழுப்பின் மேல் மூடியிருக்கும் நார்த்தோல். அது 65 மைக்ரானுக்கும் (0.065 மி.மீ.) மெலிந்தால்தான் பயம். சி.டி. பிரிப்பது சுமார் அரை மி.மீ. என்பதால் அந்தத் தோலை அது பார்க்காது, அடையாளங்களை வைத்து ஊகிக்கிறது. தோலை அளப்பது ஓ.சி.டி., அதாவது குழாய்க்குள் ஒளியால் படமெடுக்கும் முறை; 10-20 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். ஆனால் ஒளி ரத்தத்தைத் தாண்டாது. கான்ட்ராஸ்ட் பாய்ச்சி அந்த இடத்தைக் கழுவியபடியே கதீட்டரை (மெல்லிய குழாய்) இழுக்க வேண்டும். ஆழமும் 1-2 மி.மீ.தான். குழாய்ச்சுவர் முழுதும் வேண்டுமென்றால் ஐவஸ், அதாவது குழாய்க்குள் எடுக்கும் அல்ட்ராசவுண்ட். இரண்டுமே குழாய்க்குள் போகும் பரிசோதனை, கதீட்டர் ஆஞ்சியோகிராம் தேவைப்பட்டால் மட்டும்தான்.

பிளேக் இருந்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தொடங்கினால், பின்னாளில் கால்சியம் ஸ்கோர் கூடலாம். மென்மையானது இறுகுவதாலும் அப்படி வரும். அதைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.