முட்டி ஆபரேஷன் முடிந்த கபடி வீரர்: வீட்டில் என்ன கவனிக்கணும்?

கேள்வி (அரூர்): கணவருக்கு ஏ.சி.எல். (முட்டிக்குள் இருக்கும் தசைநார்) ஆபரேஷன் முடிந்து ரெண்டாம் வாரம். தீர்த்தமலை ஏறுவதாக வேண்டுதல். எப்போ ஏறலாம்? களத்துக்கு எப்போ?

பதில் 1: அக்கா, முதல்ல கால் முழுசா நீளணும். முட்டிக்கு அடியில தலையணை வேண்டாம், மடங்கினபடியே இறுகிடும். குதிகாலுக்குக் கீழ சுருட்டின துண்டு வைங்க. ஐஸைத் துணியில சுத்தி 15 நிமிஷம். கெண்டைக்கால் வீங்கி வலிச்சா அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க.

பதில் 2: 9 மாசத்துக்கு முன்னாடி களம் வேண்டவே வேண்டாம். மூணாம் மாசம் வலி குறைஞ்சதும் ஓடத் தோணும். வச்சுத் தைச்ச தசைநார் அப்போ இன்னும் உறுதியாகியிருக்காது. தொடை பலம் நல்ல காலோட ஒப்பிட்டா 90 சதவீதமாவது வரணும்.

பதில் 3: வேண்டுதலுக்கு நீங்க ஏறுங்கம்மா, சாமி ஏத்துக்கும். அவர் அடிவாரத்துல கும்பிடட்டும். படி இறங்குறப்போ முட்டிக்குப் பாரம் அதிகம். சாயந்தரம் விளக்கேத்தின கையோட பயிற்சியை ஆரம்பிச்சா விட்டுப்போகாது.