1934-இல் கட்டிய வீட்டுக்கு வெளியே என்ன நிறம்?

திண்ணைவாசி: கும்பகோணம் பக்கம் தாத்தா கட்டிய வீடு. திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு எல்லாம் அப்படியே இருக்கிறது. பொங்கலுக்குள் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அண்ணன் சாம்பல் நிறம் என்கிறான். எனக்குப் புதுச்சேரி பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் மேல் ஆசை. எது சரி?

நீலவண்ணன்: அண்ணன் சொல்வதுதான். மஞ்சள் சுவரில் ஓட்டுத் தண்ணீர் வழிந்தால் கோடு கோடாகத் தெரியும். சாம்பலில் அழுக்கு தெரியாது. எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட் அடித்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கொத்தனார் மகள்: நிறம் இருக்கட்டும், சுவர் எது? அந்தக் காலத்து வீடு என்றால் அநேகமாகச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். அது தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். மேலே எமல்ஷன் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு உப்புப் பூக்கும். எங்கள் வீட்டிலேயே பட்டோம். இரண்டாவது மழைக்காலத்தில் முழங்கால் உயரம் வரை அப்பளம் போல உப்பி, விரலால் தட்டினால் தகடாகக் கையில் வந்தது. சுண்ணாம்பு அடியுங்கள். நிறம் வேண்டுமா, மஞ்சள் காவி, செங்காவி கலந்துகொள்ளலாம். இந்த மண்நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும்.

நீலவண்ணன்: வருடா வருடம் சுண்ணாம்பு அடிக்க இப்போது யாருக்கு நேரம் இருக்கிறது அக்கா? சாய்ந்தால் சட்டை வெள்ளை!

கொத்தனார் மகள்: அது காய்ந்த சுவரில் கெட்டியாக ஒரே கோட் இழுப்பதால் வருவது. சுவரை நனைத்து, வெயில் தாழ்ந்த பிறகு, நீர்க்க மூன்று கோட் அடித்துப் பாருங்கள் தம்பி.

தாழ்வாரம்: மஞ்சள் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரியில் அது எடுப்பாக இருப்பது உயரமான மொட்டைச் சுவரும் வெள்ளைப் பட்டையும் இருப்பதால். உங்கள் வீட்டில் ஓடும் தூணும் போக மிச்சச் சுவர் எவ்வளவு? வெள்ளை அடித்து, கீழே காவிப் பட்டை போட்டால் தூண் எடுத்துக் காட்டும்.

நீலவண்ணன்: மடப்பள்ளி மாதிரி இருக்கும்.

திண்ணைவாசி: திண்ணை மூலையில் சாவியால் சுரண்டினேன். மேலே ஏதோ பச்சைப் பெயிண்ட், அப்புறம் அடுக்கடுக்காக வெள்ளை, அடியில் வெளிர் நீலம். பச்சை மேலேயே சுண்ணாம்பு அடிக்கலாமா?

கொத்தனார் மகள்: தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சினால் அடிக்கலாம். முத்து முத்தாக நின்றால் சுரண்டியே ஆக வேண்டும்.

திண்ணைவாசி: கீழே உறிஞ்சுகிறது. சன்னலுக்கு மேலே நிற்கிறது.

நீலவண்ணன்: அப்போ கீழே சுண்ணாம்பு, மேலே எமல்ஷன்!

கொத்தனார் மகள்: சுரண்டுங்கள்.