பேவர் பிளாக் போட்ட பிறகு தெருமரங்கள் காய்கின்றன, காப்பாற்ற வழி உண்டா?

மாடித்தோட்டம்:

திண்டுக்கல் பக்கம் ஒரு சிறு நகரம். எங்கள் தெருவின் இரு பக்கமும் புங்கையும் வேம்புமாக இருபதுக்கு மேல் மரங்கள். மனை பிரித்த காலத்தில் முதலில் குடிவந்தவர்கள் வைத்து, வீட்டுக் கழுநீரை ஊற்றி வளர்த்தவை. போன வருடம் தெருவுக்குப் பேவர் பிளாக் போட்டார்கள். ஒப்பந்தக்காரர் தூர் வரைக்கும் கல்லை ஒட்டிப் பதித்து, மிச்ச இடைவெளியில் கலவையும் பூசிவிட்டுப் போய்விட்டார். கேட்டதற்கு, “மண்ணாக விட்டால் குப்பைதான் கொட்டுவீர்கள்” என்றார்.

இப்போது மூன்று நான்கு புங்கைகள் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வருகின்றன. வேம்புகளில் கொழுந்து எல்லாம் கருகிக் கிடக்கிறது. இதற்கும் பேவர் பிளாக்குக்கும் சம்பந்தம் உண்டா? கல்லைப் பெயர்த்தால் மரம் பிழைக்குமா? எங்கள் நலச்சங்கத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் வட்டமாகத் திண்ணை கட்டி, உள்ளே செம்மண் நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார்கள். பணம்கூடச் சேர்ந்துவிட்டது. அது சரிதானா என்று தெரியாமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

புதுக்குடித்தனம்:

எதற்கு இத்தனை பாடு? காய்ந்ததை வெட்டிவிட்டுக் கோனோகார்ப்பஸ் வையுங்கள். எங்கள் அபார்ட்மெண்டில் ஒரே வருடத்தில் மதில் உயரம் வந்துவிட்டது. ஆடு மாடு கடிக்காது, இலையும் கொட்டாது.

கவாத்து மேஸ்திரி:

கோனோகார்ப்பஸ் பற்றிச் சொன்னவருக்கு முதலில்: அதைக் குஜராத் 2023-லேயே தடை செய்தது, தமிழ்நாடும் தடை போட்டாகிவிட்டது. வேர் தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் தேடிப் போகும். அந்த மரத்தில் பூச்சியும் குருவியும் தங்குவதும் அபூர்வம். அது மட்டும் இல்லை, தெருவில் நிற்பது அரசு நிலத்து மரம். நினைத்தபோது வெட்ட முடியாது. மாவட்டப் பசுமைக் குழு என்று ஒன்று இருக்கிறது, கலெக்டர்தான் தலைவர். அங்கே அனுமதி வாங்க வேண்டும்.

சரி, மேடம், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் பூங்கா, சாலையோர மரப் பராமரிப்பில் ஆள் வைத்து வேலை வாங்கியவன். உங்கள் வேம்புக்கும் புங்கைக்கும் வந்திருப்பது வேறு வேறு நோவு. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதீர்கள்.

ஊருக்கு வெளியே, கல்லே பதிக்காத ஒரு தோட்டத்து வேம்பைப் போய்ப் பாருங்கள். அதுவும் கருகித்தான் நிற்கும். தேயிலைக் கொசு என்கிற பூச்சி கொழுந்தில் சாறு உறிஞ்சும். கூடவே ஒரு பூஞ்சையும் சேர்ந்து நுனியைக் காய வைக்கும். மழைக்காலத்தில் தொடங்கிப் பனிக்காலம் வரை இந்தக் கோலம் இருக்கும். வளர்ந்த வேம்பு பெரும்பாலும் மாசி, பங்குனியில் தானாகத் துளிர்த்துவிடும். மருந்தடிக்கிறேன் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். நாற்பதடி மரத்துக்கு அடிக்கிற மருந்தில் பாதி உங்கள் மாடிக் கீரையில்தான் இறங்கும்.

கவலைப்பட வேண்டியது புங்கைக்குத்தான். இலையில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா, வெள்ளை வரி ஓடுகிறதா என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். அது புங்கைக்கு வழக்கம். இலை சிறுத்து, வெளிறி, உச்சிக் கிளை நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்கிறதென்றால் வேரில் கோளாறு. காய்ந்த கிளையில் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பழுப்பாக உதிர்ந்தால் அங்கே உயிர் இல்லை. ஒரு சாண் கீழே இறங்கி மறுபடி கீறுங்கள். ஈரப் பச்சை தெரிகிற இடம் வரைக்கும்தான் நட்டம். கிளை சேரும் இடத்துக்குள் பச்சை வந்துவிட்டால் அந்த மரத்தை மீட்கலாம்.

பேவர் போடும்போது என்ன நடக்கும் என்று பலர் கவனிப்பதில்லை. மேலே தெரிகிற கல் கனமே இல்லை. அதற்காக ஜேசிபி வைத்து முக்கால் அடி, ஒரு அடி மண்ணை வழித்து எடுப்பார்கள். உணவும் நீரும் எடுக்கிற மெல்லிய வேர் முக்கால்வாசி மேல் இரண்டடி மண்ணில்தான், கிளை விரிப்பையும் தாண்டி ஓடும். அதில் ஒரு பங்கு வாளியோடு போய்விடும். பிறகு ஜல்லித்தூள் கொட்டி, மிஷின் வைத்து இறுக்குவார்கள். மிச்ச வேருக்குக் காற்றும் போகாது, மழைநீரும் போகாது. மரம் அன்றே சாகாது. சேமிப்பில் ஒரு வருடம், இரண்டு வருடம் ஓட்டும். காயும்போது ஒப்பந்தக்காரர் பில் வாங்கிப் போயிருப்பார்.

ஆகவே கல்லைப் பெயர்க்கத்தான் வேண்டும். தூரிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர். இந்தக் கணக்கு என் சொந்தக் கணக்கு இல்லை. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள். அது டெல்லிக்கு என்று சொல்வார்கள், சொல்லட்டும். எழுதினால் கோப்பில் ஏறும்.

பெயர்க்கக் கடப்பாரையும் கைச்சுத்தியும் போதும். ஜேசிபியை மறுபடி கிட்டே விடாதீர்கள். தூரை ஒட்டிய கலவையை உளியால் சிறிது சிறிதாக உடைக்க வேண்டும், பட்டையோடு பிய்த்துக்கொண்டு வரக்கூடாது. உள்ளே ஜல்லித்தூளைக் கையால் வாருங்கள். கட்டைவிரல் கனத்துக்கு மேல் வேர் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் கொத்தை நிறுத்திவிட வேண்டும். நல்ல மண் போட்டு, மேலே இரண்டு அங்குலம் மட்கின சருகு. சருகு தூரைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி இருக்கட்டும்.

திண்ணை மட்டும் வேண்டவே வேண்டாம். ஊர் ஊராக இதைப் பார்த்துச் சலித்துவிட்டேன். வட்டமாகக் கட்டி, இரண்டடி உயரம் செம்மண் நிரப்பி, அன்பளிப்பு என்று பெயர் வெட்டி வைக்கிறார்கள். தூர்ப் பட்டை காற்றில் இருக்க வேண்டியது. மண்ணில் புதைந்தால் ஊறி அழுகும். தெருவில் ஓடுகிற மழைநீரும் திண்ணை தடுத்து உள்ளே போகாது. குழியின் விளிம்பு தெருவைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மழையும் மரத்துக்கு. குப்பை கொட்டுவார்கள் என்று பயமாக இருந்தால் சேர்ந்த பணத்தில் முழங்கால் உயரத்துக்கு இரும்புச் சட்டம் வையுங்கள். மரத்தை நெருக்கிப் பிடிக்கிற கூண்டு வேண்டாம். பத்து வருடத்தில் கம்பியை மரம் விழுங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது.

வர்தா புயல் அடித்ததே, 2016 டிசம்பர் 12, அதற்குப் பிறகு சென்னையில் விழுந்த மரங்களை அறுத்து அகற்றும் வேலைக்கு ஆட்களோடு போயிருந்தேன். இயல்வாகை, குல்மோகர், தூங்குமூஞ்சி என்று பெரிய பெரிய மரங்கள். சாய்ந்த மரத்தின் அடியைப் பார்த்தால் பல மரங்களில் ஒரு பக்க வேர் நேர்கோட்டில் அறுபட்டிருக்கும். எப்போதோ வடிகாலுக்கோ கேபிளுக்கோ தோண்டிய பக்கம் அது. புயலில் விழுந்தது என்று எழுதிக்கொண்டார்கள்.

வயர்மேன்:

மேஸ்திரி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் நிறுத்துகிறோம் அல்லவா, அன்றைக்குத்தான் கிளை வெட்டுவார்கள். ஒரு ஃபீடர், அதாவது ஒரு மின்பாதை, முழுவதையும் சில மணி நேரத்தில் முடிக்க வேண்டும். வெட்டுகிறவர் கையில் அரிவாள், நின்று பார்க்க நேரமில்லை. கம்பியில் படுகிற பக்கத்தை அப்படியே மொட்டையடித்துவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போய்விடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை, அக்கா. அறிவிப்பு முதல் நாளே வரும். அன்று காலையில் தெருவில் யாராவது இரண்டு பேர் நின்று, எந்தக் கிளை போதும் என்று காட்டுங்கள். பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் வெறும் கம்பிக்குப் பதிலாக உறை போட்ட கேபிள் கேட்டும் மனுக் கொடுங்கள். அது வந்துவிட்டால் இவ்வளவு வெட்டத் தேவைப்படாது.

கவாத்து மேஸ்திரி:

தம்பி சொன்னது முக்கியம். காட்டும்போது, நடுக்கிளையில் வெட்ட விடாமல், கிளை பிரிகிற கவையில் வெட்டச் சொல்லுங்கள். நடுவில் வெட்டினால் அந்த இடத்திலிருந்து கொத்தாகப் பத்துக் குச்சி கிளம்பும். பட்டையில்தான் ஒட்டியிருக்கும், உள்ளே பிடிப்பு இராது. அடுத்த வருடக் காற்றில் அதுதான் முறிந்து கம்பியில் விழும். கனமான கிளை என்றால் முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து இறக்கிவிட்டு, கடைசியில் மிச்சக் கட்டையை எடுக்க வேண்டும். அடி வெட்டு இல்லாமல் அறுத்தால் கிளை சரியும்போது தண்டுப் பட்டையை ஒரு கஜத்துக்கு உரித்துக்கொண்டு போகும். கிளை தண்டில் சேரும் இடத்தில் வளையம் போலத் தடித்திருக்கும், அதை விட்டுவிட்டு அறுக்கணும். அங்கிருந்துதான் காயம் மூடும். தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம்.

கம்பிக்கு நேர் கீழே இனி புதிதாக வைப்பதாக இருந்தால் மந்தாரை, பவழமல்லி போதும். புங்கையும் வேம்பும் எதிர்ப் பக்கத்துக்கு.

மாடித்தோட்டம்:

மிகவும் நன்றி. கவுன்சிலரிடமும் அலுவலகத்திலும் பேசினோம். ஆள் இல்லை, நீங்களே பெயர்த்துக்கொண்டால் ஆட்சேபம் இல்லை என்று வாயால் சொல்கிறார்கள். திண்ணையை நிறுத்திவிட்டோம், டைல்ஸ் கடைக்காரருக்குத்தான் வருத்தம். ஞாயிற்றுக்கிழமை தொடங்கலாமா? எதில் தொடங்குவது?

கவாத்து மேஸ்திரி:

வாய்ச்சொல்லை நம்பிக் கல்லில் கை வைக்காதீர்கள். நாளைக்கு யாராவது பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாகப் புகார் கொடுத்தால் அதே அலுவலகம் தெரியாது என்றுவிடும். ஆணையருக்கு மனு எழுதி, மரத்துக்கு ஒரு போட்டோ வைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நகல் ஒன்றைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், முதலமைச்சர் உதவி மைய எண் 1100-இலும் பதிவு செய்யுங்கள். பெயர்த்த கல்லை எண்ணி அடுக்கி ஒப்படைக்கிறோம் என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்தால் பாதி ஆட்சேபம் போய்விடும்.

ஆர்வத்தில் எல்லோரும் மிக மோசமான மரத்துக்கு முதலில் ஓடுவார்கள். அப்படி வேண்டாம். முக்கால்வாசி காய்ந்ததைத் தேற்றுவது கஷ்டம். உச்சி மட்டும் காயத் தொடங்கியிருக்கிற மரங்களில் ஆரம்பியுங்கள், பலன் அங்கேதான். அடுத்து இன்னும் பச்சையாக நிற்பவை. கோடை முழுக்க வாரத்துக்கு ஒரு தடவை, மரத்துக்கு ஐந்தாறு குடம், தூரில் ஊற்றாமல் குழியின் வெளிவிளிம்பில். யார் வீட்டு வாசலோ அவர் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள், பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு இப்போதே ஆள் பேசிவையுங்கள்.

பள்ளி வேன் நிற்கிற இடத்துக்கு மேலே காய்ந்த கிளை ஏதாவது இருந்தால் மனுவுக்குப் பதில் வரும் வரை காத்திருக்காமல் அதைத் தனியாக எழுதிக் கொடுத்து இந்த வாரமே இறக்கச் சொல்லுங்கள்.